குழாய்த் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ இந்த வீட்டுப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிறது. சாயத் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலக்கிறது, அந்த ஆற்றுத் தண்ணீர்தான் நம் குழாயிலும் வருகிறது என்று கடைசியாக வந்தபோது நீ சொன்னாய். அங்கே மேற்பார்வையாளராக இருக்கும் உன் மாமா, "இந்த ஊர்ல அடுப்பு எரியறதே அந்தத் தொழிற்சாலையாலதான்" என்று சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். அவரைப் பெற்ற என் மாமனாரோ, "ஆத்துக்குத் தன்னைச் சுத்தம் பண்ணிக்கத் தெரியாதா?" என்று சிரித்தார். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

நேற்றுக் காலை பாப்பாவுக்குக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். உன் மாமா அந்த டம்ளரை வாங்கிக் கொட்டினார்.

"இனிமே அவளுக்குக் கேன் தண்ணி குடு. நீயும் அதையே குடி."

"ஏங்க?"

"சும்மாதான்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அதே குழாயில் பிடித்துத் தான் மட்டும் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மாலையில் வாசலில் நின்று சக தொழிலாளர்களோடு உன்னைத் திட்டினார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

நீ ஊரைக் கூட்டிப் பேசியபோது வராத பயம், அந்தச் "சும்மாதான்" கேட்டதும் வந்துவிட்டது. பாப்பா பிறந்ததிலிருந்து குடித்தது அந்தத் தண்ணீர். இப்போது என் வயிற்றில் இருப்பதற்கும் அதுதான்.

உன்னைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று அவரிடம் கேட்டேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "போ, பாப்பாவையும் கூட்டிட்டுப் போ. அவசரப்பட்டுத் திரும்பி வராதே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். நல்ல டாக்டராகப் பார்த்து வை. எங்களைக் கண்டதும் "அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அக்கா