தொங்கல் காம்பரா

இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. நம் மென்பொருளை இப்போது பராமரிக்கும் வெளிநாட்டுப் பொறியியலாளர் கேட்கிறார்: "உள்ளே 'தொங்கல்' என்றொரு பெயர் இருக்கிறது. இங்கே யாருக்கும் பொருள் தெரியவில்லை. அந்தப் பகுதியையே நீக்கிவிடலாமா?" சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. நீ இருந்திருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

பதுளையில் பேக்கரிக்கு மேல்மாடியில் நம் அலுவலகம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து நனைந்த குடையோடு வருவாய். மருந்து தேடும் கம்பனி ஒன்று நமக்குப் படங்கள் அனுப்பும். ஒரு தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், குழிக்குள் உயிர்க்கலங்கள், குழிக்கொரு மருந்து. எந்த மருந்து கலங்களை எப்படி மாற்றுகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் மென்பொருளை நாம் இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம். முதல் படத்தைப் பார்த்ததுமே, "அட, இது எங்க தோட்டத்து லயம்டி! வரிசையா ஒட்டிக்கிட்டு நிக்கிற வீடுங்க. ஒவ்வொரு குழியும் ஒரு காம்பரா, ஒரு குடும்பம்," என்றாய்.

ஓரக் குழிகளில் ஈரம் சீக்கிரம் வற்றும். அதனால் கலங்கள் மாறி, மருந்து செய்யாததையும் செய்ததாகக் காட்டும். ஆகவே ஓர வரிசைகளைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம் என்று கம்பனி சொன்னது. நானும் தலையாட்டினேன். உனக்கு வந்ததே கோபம்!

"நான் தொங்கல் காம்பராவுல பொறந்தவ. லயத்துல கடைசி வீடு. காத்தும் மழையும் மொதல்ல எங்க செவுத்துலதான் அடிக்கும். அதுக்காக அங்க ஆளே இல்லைன்னு எழுதிருவியா?"

"உதுக்கேன் இப்பிடிக் கத்துறாய்? இது குழியடி, வீடில்லை," என்றேன். என் யாழ்ப்பாணத்து 'உது'வை எப்போதும் கேலி செய்கிறவள், அன்று சிரிக்கவேயில்லை.

நாட்கணக்கில் மல்லுக்கட்டினாய். ஓரத்தில் மருந்திட்ட குழியை, அதே ஓரத்தில் மருந்திடாத குழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதினாய். அந்தப் பகுதிக்குத்தான் 'தொங்கல்' என்று பெயர் வைத்தாய். கம்பனியும் ஏற்றுக்கொண்டது. ஆனால் நீ அவ்வளவு சண்டை போட்டுக் காப்பாற்றிய ஓரத்து மருந்து கடைசியில் ஒன்றுக்கும் உதவவில்லை. நான் கேலி செய்தேன்.

"இருக்கட்டும்டி. பாத்துட்டுத்தானே இல்லைங்கிறோம்," என்றாய்.

பிறகு உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. வார்டில் கதவோரம் கடைசிக் கட்டில். சாரல் அடித்தால் போர்வை நனையும். "பாத்தியா, இங்கயும் எனக்குத் தொங்கல்தான்," என்று சிரித்தாய். உன்னிடம் வந்து சேர்வதற்குள் டொக்டர் களைத்துப்போயிருப்பார். ஆனாலும் ஒருநாள்கூட உன்னைத் தாண்டிப் போகவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இனி முடியாது என்று சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் பொய்.

இப்போதும் ஒரு தட்டின் படம் வந்தால் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது. அது நீ வைத்துவிட்டுப் போன பழக்கம்.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிவிட்டேன். "நீக்க வேண்டாம். அது ஒரு வீட்டின் பெயர். அங்கே ஆள் இருக்கிறது."