மிச்சமான மண்ணெண்ணெய்

ரிகுபெட்சு
21 நவம்பர் 2022

அன்புள்ள தோஷியேவுக்கு,

நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. ஒரு பழம்கூட அடிபடவில்லை. உன் அண்ணன் படத்துக்கு முன்னால் இரண்டை வைத்துவிட்டு மீதியை நான் தின்றுகொண்டிருக்கிறேன். தெற்கே உவாஜிமாவில் இன்னும் வெயில் காய்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே வடக்கில் மூன்றாவது முறை விழுந்த பனி கரையவே இல்லை. இனி ஏப்ரலில்தான் மண்ணைப் பார்க்கலாம்.

எண்ணெய் லாரிக்காரர் வந்திருந்தார். கொல்லைத் தொட்டியை வழக்கம்போல நிரப்பட்டுமா என்று கேட்டார். விலையைக் கேட்டுக்கொண்டு, பாதி போதும் என்றேன். "என்னம்மா, போன வருஷம் முழுசா ஊத்தச் சொன்னீங்க. இந்த வருஷம் குளிரும் பாதிதான் வருமாமா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மாடியை அடைத்துவிட்டேன். கீழே ஹீட்டர் இருக்கும் அறையிலேயே படுக்கை, சாப்பாடு, தையல் எல்லாம். ஒருத்திக்கு ஏழு அறை எதற்கு? குளிர் முற்றும்போது மர உத்தரம் சுருங்கிப் படீரென்று தெறிக்கிறது, துப்பாக்கி சுட்டாற்போல. உன் அண்ணன் இருந்தபோதும் அப்படித்தான் தெறித்திருக்கும். அப்போது என் காதில் விழுந்ததில்லை.

உன் வீட்டுக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அண்ணி கினுகோ


உவாஜிமா
1 டிசம்பர் 2022

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

முழங்கால் தேவலை. ஆரஞ்சு மரத்தில் ஏறாதீர்கள் என்றால்தான் கேட்பதில்லை.

பாதித் தொட்டி எப்படி அண்ணி போதும்? அறையில் எத்தனை டிகிரி இருக்கிறது? "எனக்குப் போதும்" என்று எழுதாதீர்கள், எத்தனை என்று எண்ணில் எழுதுங்கள். பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவீர்கள். போன வருஷமும் அதைத்தானே செய்தீர்கள்.

மே மாதம் அண்ணனின் நினைவு நாளுக்கு நான் கட்டாயம் வருவேன். அப்பா கட்டிய வீடு, அண்ணன் கண்மூடிய வீடு. அதில் இன்னும் விளக்கு எரிகிறது என்று நினைத்தால்தான் எனக்கு இங்கே தூக்கம் பிடிக்கிறது. அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோஷியே


ரிகுபெட்சு
9 ஜனவரி 2023

அன்புள்ள தோஷியே,

எண் கேட்டாய். பகலில் பதினொன்று. விடியற்காலையில் நான் பார்ப்பதில்லை.

வெளியே நேற்று மைனஸ் இருபத்தெட்டு. தினமும் படுக்கப்போகுமுன் சமையலறைத் தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்க் குழாயின் திருகை மூடி, குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் உறைந்து வெடிக்கும். ஒரு நாள் மறந்தேன். ஒரு குழாய் போயிற்று. எதிர்வீட்டு ஓனோதெராதான் ஆளைக் கூட்டிவந்தாள். எழுபத்தாறு வயதில் பனியை மண்வாரியால் தள்ளிக்கொண்டு வருகிறாள், மாட்டுப் பண்ணையில் உழைத்த உடம்பு. "ஏண்டி, வீட்டுக்குள்ளயே மூச்சு புகையா வருது. உன் வீட்டுல இருக்கறதைவிட என் பழைய தொழுவத்துல இருக்கலாம்" என்றாள்.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அடுத்த தெரு ஹாகாவை உனக்கு நினைவிருக்கும், தபால் நிலையத்தில் இருந்தவர். படுக்கையிலேயே இறந்துகிடந்தார். நான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை. போர்வைக்கு மேல் போர்வையாக ஐந்து போர்த்தியிருந்தாராம். தொட்டியில் எண்ணெய் முக்கால்வாசி இருந்தது, தோஷியே. ஹீட்டரைப் போடவில்லை, அவ்வளவுதான். "பிப்ரவரிக்கு வேணும்னு வெச்சிருந்தாரு" என்று அவருடைய மகள் சொல்லிச் சொல்லி அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஹீட்டரை இருபதில் வைத்தேன். அதன் எதிரே உட்கார்ந்து, சிவப்பாக எரியும் இருபது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எண்ணெய் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, திரும்பவும் குறைத்துவிட்டேன். குளிர் ஒரு பயம் என்றால் அந்தச் சத்தம் இன்னொரு பயம்.

நீ கவலைப்படாதே.

கினுகோ


உவாஜிமா
18 ஜனவரி 2023

அண்ணி,

கவலைப்படாதே என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. போனில் கூப்பிட்டால் சிரிக்கிறீர்கள், ஆரஞ்சைப் பற்றிப் பேசுகிறீர்கள். காகிதத்தில்தான் உண்மை வருகிறது. அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

ஓனோதெரா அக்காவுக்கு போன் செய்தேன். வயதானவர்களுக்கென்று ஊரில் குடியிருப்பு கட்டியிருக்கிறார்களாமே, கட்டடம் முழுக்க ஒரே கொதிகலனில் சூடு வருமாமே. உங்களுக்கு இரண்டு முறை அறை கொடுக்க வந்தார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்றீர்களாம். "கேட்டா வாயைத் தொறக்கறதில்ல, நீயே கேளு" என்றார்.

கேட்கிறேன். ஏன் அண்ணி?

தோஷியே


ரிகுபெட்சு
28 ஜனவரி 2023

அன்புள்ள தோஷியே,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணனின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். "அண்ணி, நீங்க இருக்கறவரைக்கும் இந்த வீட்டை அணைய விட மாட்டீங்கன்னு சொல்லுங்க" என்றாய். மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்த ஊரில் சூடில்லாமல் ஒரே ஒரு குளிர்காலம் விட்டால் வீடு செத்துவிடும். குழாய் வெடிக்கும், அடியில் மண் உறைந்து தரையைத் தூக்கும். குடியிருப்புக்குப் போய்விட்டு இந்த வீட்டையும் சூடாக வைத்திருக்க என் பென்ஷன் போதாது. ஆகவே நான் போகவில்லை.

இன்னொன்று நடந்தது. ஓனோதெரா உனக்குச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். பெரிய ஹீட்டர் எண்ணெயைக் குடிக்கிறதே என்று, சாமான் அறையில் கிடந்த பழைய சின்ன அடுப்பை எடுத்து வந்தேன். புகைக்குழாய் இல்லாதது. சூடு வெளியே போகக்கூடாதென்று ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டினேன். அன்று காலை முழுக்கத் தலைவலி. ஜலதோஷம் என்று நினைத்தேன். தேநீர் போட எழுந்தால் கால் எழவில்லை. கால் இருப்பது தெரிகிறது, சொன்னபடி கேட்கவில்லை. தரையில் ஊர்ந்து போய்க் கதவைத் தலையால் முட்டித் தள்ளினேன். பாதி உடம்பு நடையில் கிடந்தது. சூப் கொண்டுவந்த ஓனோதெராதான் பார்த்தாள். "அடிப்பாவி, அடுப்பை வெச்சுக்கிட்டு எல்லா ஓட்டையையும் அடைச்சியா? சாகறதா இருந்தா முன்னாடியே சொல்லு, நான் சூப்பாவது வெக்காம இருந்திருப்பேன்." இப்படித் திட்டிக்கொண்டே ஜன்னலை உடைத்தாள்.

அடுப்பின் விஷவாயு என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன்.

ஆனால் நடையில் கிடந்தபோது என் மனதில் என்ன வந்தது தெரியுமா? சாகப்போகிறோம் என்று வரவில்லை. உன் அண்ணன் முகம் வரவில்லை. பிப்ரவரி எண்ணெய் மிச்சமாகும் என்று வந்தது. நிம்மதியாக இருந்தது, தோஷியே. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கினுகோ


ஒபிஹிரோ
11 பிப்ரவரி 2023

அண்ணி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை, நானே கொண்டுவந்து கொடுப்பேன். பயத்தில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எழுதுகிறேன்.

நேற்று விமானத்தில் இங்கே வந்திறங்கினேன். பனிப்புயலில் உங்கள் ஊருக்கு வரும் சாலையை மூடிவிட்டார்கள், பேருந்து கிடையாது. உங்கள் பக்கம் நேற்று மதியத்திலிருந்து மின்சாரம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். எண்ணெய் இருந்தாலும் மின்சாரம் இல்லாமல் அந்த ஹீட்டர் ஓடாது என்று விடுதிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அந்த வீட்டில் பிறந்தவள் நான்.

உங்கள் போன் அடிக்கவில்லை. ஓனோதெரா அக்காவின் போனும் அடிக்கவில்லை. நீங்கள் அந்தச் சின்ன அடுப்பைத் திரும்பவும் எடுத்திருப்பீர்களோ என்று நினைத்து, சாலை திறந்ததா என்று விடுதிக்காரரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பதினெட்டு வயதில் குளிர் பொறுக்காமல் ஓடிப்போனவள் நான். அதற்குப் பிறகு ஒரு குளிர்காலம்கூட அங்கே வந்து தங்கியதில்லை. வெயிலில் உட்கார்ந்துகொண்டு வீட்டை அணைய விடாதீர்கள் என்று உங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். அந்த வாக்கைத் திருப்பித் தருகிறேன். வீடு உறைந்து போகட்டும், குழாய் வெடிக்கட்டும். நீங்கள் மட்டும் உயிரோடு இருங்கள்.

தோஷியே


ரிகுபெட்சு, புதிய குடியிருப்பு, அறை எண் 6
5 மார்ச் 2023

அன்புள்ள தோஷியே,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே அறையில் இருபத்திரண்டு டிகிரி. நான் எதையும் திருகவில்லை, கீழே யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். கையுறை இல்லாமல் எழுதுகிறேன்.

நீ கையில் கொடுத்த கடிதத்தைத் தினமும் படிக்கிறேன். அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சாலை திறந்த அன்று நீ வந்து, காலி வீட்டையும் தரையெல்லாம் உறைந்த பனிக்கட்டியையும் பார்த்து, தெருவில் நின்று "அண்ணி, அண்ணி" என்று கத்தினாய். ஓனோதெராவின் விறகடுப்புக்குப் பக்கத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "கரண்ட் போனதால எல்லாக் குழாயும் வெடிச்சிடுச்சு" என்று ஓனோதெரா சொன்னாள். "போகட்டும் அண்ணி, வீடுதானே" என்றாய். பிறகு நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் அழுதாய். நான் பார்த்தேன்.

குழாய்கள் மின்சாரத்தால் வெடிக்கவில்லை.

மின்சாரம் நின்றது மதியம் இரண்டு மணிக்கு. அறை குளிர்வதற்கு நேரம் இருந்தது. தண்ணீரை வடிக்க ஐந்து நிமிடம்தான் ஆகும், குளிர்காலம் முழுக்கத் தினமும் செய்த வேலை. வடித்திருந்தால் வீடு வசந்தம்வரை தாங்கியிருக்கும். சமையலறைக்குப் போனேன். பலகையைத் தூக்கினேன். திருகின் மேல் கையும் வைத்தேன். மின்சாரம் வேண்டாத அந்தச் சின்ன அடுப்பு மூலையில் இருந்தது. அதைப் பற்றவைத்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அன்றைக்கு வந்த அதே நிம்மதி திரும்பவும் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. பலகையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, உன் அண்ணன் படத்தை உள்ளே செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எதிர்வீட்டுக்கு நாற்பதடி. பனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

நீ வாக்கைத் திருப்பிக் கொடுத்தது பதினோராம் தேதி. நான் அதை முறித்தது பத்தாம் தேதி. உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மே மாதத்தில் இந்த அறையில் இன்னொரு படுக்கை போட இடம் இருக்கிறது. வா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை. தபால்காரர் இங்கே பதினொரு மணிக்கு வருகிறார். பத்தரைக்கே நான் கீழே போய் நின்றுகொள்வேன்.

கினுகோ