மொட்டைத் தலையில் அத்தர்

பஸீலாட வாப்பாவுக்கு,

மகனைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறேன். உம்மாவும் வருகிறா. நேற்று முடி களைந்த தலை, விடியும்போது சிவந்து கொப்புளித்துவிட்டது. நீங்கள் அதற்குள் உங்கள் தங்கச்சிக்குச் சவூதிச் சாமான் கொடுக்க இறக்காமத்துக்குப் போய்விட்டீர்கள்.

தலையில் பூச உம்மா சந்தனம் அரைத்து வைத்திருந்தா. "சவூதிக்காரன்ட புள்ளைக்குச் சந்தனமா?" என்று சபையில் சிரித்து அத்தர் சீசாவைக் கவிழ்த்தீர்கள். "கத்தி பட்ட தோல், எரியும்" என்றேன். "ஒனக்கென்ன தெரியும்?" என்றீர்கள். வந்திருந்த எல்லாருக்கும் கேட்டது.

சோறும் சூடைமீன் ஆணமும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. வெளியே போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு நாச்சியா மாமியிடம் கொடுங்கள். பஸீலாவும் அங்கேதான். அவளுக்குத் தடிமன் என்று யூக்கலிப்டஸ் தைலத்தை மூக்கில் தடவிவிடாதீர்கள். அதை அலுமாரியின் மேல் தட்டில் ஒளித்திருக்கிறேன்.

அத்தர் கேட்டு உங்கள் கூட்டாளி றவூப் வருவார். கொடுங்கள். ஆனால் சட்டையில் மட்டும் பூசச் சொல்லுங்கள், பிள்ளை தூக்கும் கையில் வேண்டாம். அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது.

றாஹிலா

இன்னுமொன்று. ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் அத்தர் மணம் போகச் சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். நீங்கள் இல்லாத மாதமெல்லாம் அந்த அத்தர் மணத்துக்காகவே உங்கள் சட்டையொன்றைத் தோய்க்காமல் வைத்திருந்தேன். மகனுக்கு உங்கள் முகம் இன்னும் பழகவில்லை. மணம் மட்டும் தெரிந்துவிட்டது. இரவு தொட்டிலில் நீங்கள் குனிந்ததும் அவன் வீரிட்டது அதற்குத்தான்.