சுண்ணாம்பில்லாத தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து போரா, எங்கள் ஊரின் குளிர்ப் புயல்காற்று. கடைப் பலகையின் ஒரு மூலை கழன்று ஆடியது. என் முதலாளி நேவியோ ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறிக் கம்பி போட்டுக் கட்டினேன். ட்ரியெஸ்தேயில் குழாய்க் கடை வைத்திருப்பவனுக்கு உயரம் என்றால் பயம்.

மதியம் தொலைபேசி. "ஒந்தீனாவா?"

மூன்று வருடம் கழித்து அந்தக் குரல். என் முதுகு தானாக நிமிர்ந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது.

துவீலியோ. பதினாறு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். இந்த ஊர் பார்களில் இருக்கும் காபி இயந்திரங்களில் பாதி நாங்கள் இரண்டு பேரும் பூட்டியவை. ஊரே அவரை மேஸ்திரி என்றது. நானும்தான்.

"வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கியிருக்கேன். பார்ல இருக்கற மாதிரியே, பெரிய பம்பு உள்ளது. முன் ரூம்ல வைக்கணும், அங்க குழாய் கிடையாது. இருந்தாலும் நம்ம ஊர் சுண்ணாம்புத் தண்ணிய அதுக்குள்ள விடுவேனா? ஒரு கேன் வெச்சு, சின்ன பம்பு போட்டு, நீ வந்து பூட்டிக் குடு."

"ஊர்ல வேற ஆளே இல்லயா?"

"இருக்கானுங்க. ஒருத்தனுக்கும் வேலை சுத்தமில்ல."

என்னிடம் சொல்கிறார். என்னிடம்!

யோசிக்கிறேன் என்றேன். 'வை போனை' என்று சொல்ல வாய் வரவில்லையே, ஏன்?

மார்ச் 5

போகமாட்டேன்.

மார்ச் 6, புதன்

போகிறேன்.

எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடக் கூடாது. கடற்கரை ஹோட்டல் வேலை. சாமான் பட்டியலில் சுண்ணாம்பு வடிகட்டி என்று நான்தான் எழுதினேன். வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று அடித்தவர் அவர். பதினோரு மாதத்தில் பாய்லரின் உட்சுவர் முழுக்கக் காறை. ஆகஸ்டில், ஹோட்டல் நிரம்பி வழிந்த வாரத்தில், இயந்திரம் செத்தது. ஹோட்டல் முதலாளி, தொழிலில் மூத்தவரான எஜீதியோ, இன்னும் நான்கைந்து தொழில்காரர்கள், எல்லோர் முன்னும் மேஸ்திரி என்னைக் காட்டினார்.

"வடிகட்டி மாட்ட இவ மறந்துட்டா. பொம்பள கையில வேலையக் குடுத்தது என் தப்பு."

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாத் தலைகளும் ஆடி முடிந்துவிட்டன. அடுத்த வாரம் வேலை போயிற்று. அதன்பின் ஒரு பார்கூட என்னை அழைக்கவில்லை. இப்போது வாஷர் விற்கிறேன்.

இன்று மறுபடி அழைத்தார். "ஞாயித்துக்கிழமை எஜீதியோவும் பழைய ஆளுங்களும் வர்றாங்க. முதல் காபி அவங்க முன்னாடி நான் போடணும். அதுவரைக்கும் மெஷினை யாரும் ஆன் பண்ணக் கூடாது. நீயும்தான். தண்ணி மட்டும் சுத்தமா இருக்கணும். ஒரு துளி சுண்ணாம்பு இருந்தா உன்னை விடமாட்டேன்."

போனை வைத்த பிறகு சிரித்தேன். கடையில் சாமான் வாங்க வந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு துளிகூட இருக்காது, மேஸ்திரி.

பாய்லருக்குள் ஒரு கம்பி தொங்கும். தண்ணீர் ஏறி அதைத் தொட்டால் துளி மின்சாரம் கடக்கும். போதும் என்று பம்பு நிற்கும். ஆனால் மின்சாரம் கடக்கத் தண்ணீரில் கொஞ்சமாவது உப்போ சுண்ணாம்போ வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரில் எதுவுமே இல்லை. கம்பி முழுகினாலும் இயந்திரத்துக்குத் தெரியாது. இன்னும் இன்னும் என்று குடிக்கும், வழியும்வரை. தொழிலில் முதல் வருடப் பாடம் இது. அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் திருப்புளியைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று? வேலை நான் செய்தேன், பேச்சு அவர் பேசினார்.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். தெரு முழுக்க, ஆண்கள் வீட்டுப் பெண்களுக்கு வாங்கித் தரும் மஞ்சள் மிமோசாப் பூங்கொத்துகள். மேஸ்திரி வீட்டு மேசையிலும் ஒன்று இருந்தது. "நானே வாங்கிக்கிட்டேன்" என்றாள் அவர் மனைவி லீச்சா. அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டில் இருபது லிட்டர் கேன். அதன் பக்கத்தில் பம்பு, அதிராமல் இருக்க அடியில் ரப்பர் துண்டு. பம்பு நொடிக்கு நொடி முட்டி முட்டி ஓடாதிருக்க ஒரு சின்ன அழுத்தக் குடுவை. அதற்கு மேல் அழுத்தம் குறைக்கும் திருகு. அலமாரியின் முதுகில் துளை போட்டு, குழாயை இயந்திரத்தின் பின்பக்கம் ஏற்றினேன். வாளியில் விட்டுப் பார்த்தேன். ஒரு மூட்டிலும் கசிவில்லை. மூன்று வருடம் ஆகியும் கை மறக்கவில்லை. இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை, அதுவும் இந்த மனிதருக்கு.

"பழக்கம் விட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார். பாராட்டாம்.

சமையலறையில் லீச்சா கேட்டாள்: "எந்தத் தண்ணி வாங்கறது, ஒந்தீனா? எனக்கு ஒண்ணும் தெரியாது."

கடைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: காய்ச்சி வடித்த தண்ணீர், ஐந்து லிட்டர், நான்கு. அவள் அதை நான்காக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். 

கிளம்பும்போது மேஸ்திரி: "ஞாயித்துக்கிழமை நீயும் வா. கப்பு கழுவ ஆள் வேணும்."

வருகிறேன். எப்படி வராமல் இருப்பேன்?

மார்ச் 10, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

டை கட்டியிருந்தார். எஜீதியோவும் மற்ற மூவரும் சோபாவில். லீச்சா தட்டில் பாதாம் ரொட்டி கொண்டு வந்தாள். மேஸ்திரி ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கேன் பக்கத்துப் பம்பு உறுமியது.

"பாய்லர் ரொம்புது. ரெண்டே நிமிஷம்."

இரண்டு நிமிடம். நான்கு. எஜீதியோ கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, கடலையே உள்ள விடறீங்களா?"

முதலில் கப்புகளை அடுக்கும் மேல்தட்டிலிருந்து ஒரு கோடு. பிறகு பக்கவாட்டிலிருந்து. மேஸ்திரி ஆவிக் குழாயைத் திறந்தார். அது எஜீதியோவின் முழங்காலைப் பார்த்துப் பீய்ச்சியது. நால்வரும் எழுந்தார்கள். கம்பளம் நனைந்தது. அவர் இந்தத் திருகைத் திருப்புகிறார், அந்தத் திருகைத் திருப்புகிறார். எது எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். நான் கைகட்டிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"ஒந்தீனா!"

கேனில் கால்வாசிகூட மிச்சமில்லாதபோதுதான் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"தண்ணி ரொம்ப சுத்தம், மேஸ்திரி. காய்ச்சி வடிச்சது. கம்பிக்குத் தண்ணி வந்ததே தெரியல. முதல் வருஷம் கத்துக்கற விஷயமாச்சே. கேன்ல என்ன இருக்குன்னு நீங்க பாக்கலையா?"

எஜீதியோ முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். மேஸ்திரியின் காது சிவந்ததைப் பார்த்தேன். மூன்று வருடமாக நான் பார்க்கக் காத்திருந்த காட்சி.

அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அவர் லீச்சாவின் பக்கம் திரும்பினார். "பேட்டரிக்கு ஊத்தற தண்ணிய வாங்கிட்டு வந்திருக்கா, அறிவு கெட்டவ! பொம்பள கையில வேலையக் குடுத்தது என் தப்பு."

அதே வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. அதே ஆட்கள், அதே தலையாட்டல்.

லீச்சாவின் கை ஏப்ரன் பைக்குள் போனது. அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு வெறுங்கையை வெளியே எடுத்து, துணி கொண்டு வந்து, மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள்.

நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பினேன். பாய்லரை வடித்தேன். அடுக்களையிலிருந்த சாதாரண பாட்டில் தண்ணீரைக் கேனில் ஊற்றினேன். இயந்திரம் சரியான இடத்தில் நின்றது. காபி நன்றாக வந்தது. எல்லோரும் குடித்தார்கள்.

நானும் குடித்தேன்.

மார்ச் 11

ஜெயித்துவிட்டேன். எஜீதியோ கடைக்கே வந்து, "நீ கெட்டிக்காரிதான், ஒப்புக்கறேன்" என்றார். வாஷர் பெட்டியை எண்ணினேன். மூன்று தடவை, மூன்று கணக்கு.

மார்ச் 13, புதன்

லீச்சா கடைக்கு வந்தாள். நேவியோ சரக்கறையில் இருந்தான். அவள் மேசைமேல் இரண்டு காகிதங்களை வைத்தாள். ஒன்று நான் எழுதிக் கொடுத்த சீட்டு.

"உன் கையெழுத்து" என்றாள்.

"ஆமா. வேணும்னுதான் எழுதினேன்."

"தெரியும். மருந்துக்கடைக்காரன் அன்னிக்கே கேட்டான், மெஷினுக்கா, இது ஆகாதேன்னு. இருந்தும் வாங்கினேன்."

"எதுக்கு?"

"அவரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு எனக்கும் பாக்கணும்போல இருந்துச்சு."

சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. "அப்ப ஏன் சீட்டை எடுத்துக் காட்டல? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே."

அவள் இரண்டாவது காகிதத்தைத் தள்ளினாள். ஹோட்டல் வேலைக்கான சாமான் பட்டியல், அசல். நான்காவது வரி என் எழுத்து: சுண்ணாம்பு வடிகட்டி, ஒன்று. அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 'வேண்டாம்', அவருடைய கோணல் எழுத்தில், கையொப்பத்தோடு.

"அந்த வருஷம் அவர் மேசையைத் தொடைக்கும்போது கெடச்சுது. எடுத்து வெச்சுக்கிட்டேன். வாயத் தொறக்கல. உனக்கு நான் பண்ணினது அது. ஞாயித்துக்கிழமை உன் பழிய நான் பேசாம ஏத்துக்கிட்டேன்ல, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

"சரியாப் போச்சா?" என் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு உரக்க. "நீங்க ஒரு மத்தியானம் தரை தொடைச்சீங்க. எனக்கு மூணு வருஷம்! ஒருத்தன் கூப்பிடல! இந்தப் பேப்பர் உங்க வீட்டுல தூங்கிட்டு இருந்துதா?"

"திட்டு" என்றாள். "திட்டத்தான் வந்தேன்."

வெளியே போகச் சொன்னேன். போனாள். காகிதங்கள் இரண்டையும் வைத்துவிட்டுப் போனாள். ரெண்டையும் கிழிச்சாலும் சரி, சுவத்துல மாட்டினாலும் சரி, சனிக்கிழமை நான் மூஜாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன், திரும்பி வர்றதா இல்ல — கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது.

நான் நல்லவளா என்ன, மன்னிக்க? மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

வெள்ளி மாலைகளில் மேஸ்திரியும் எஜீதியோ கூட்டமும் சீட்டாடும் பாருக்குப் போனேன். ஐந்து பேரும் இருந்தார்கள். மேஸ்திரி கையில் நல்ல சீட்டு போல, முகம் மலர்ந்திருந்தது.

ஹோட்டல் சாமான் பட்டியலை மேசை நடுவில் வைத்தேன். எஜீதியோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். சுற்றி வந்தது. 

"எங்க கெடச்சுது உனக்கு?" என்றார் மேஸ்திரி. பொய் என்று சொல்லவில்லை. எங்கே கிடைத்தது என்றுதான் கேட்டார். எல்லோருக்கும் அது கேட்டது.

கிளம்பியிருக்கலாம். தண்ணீர் வாங்க நான் எழுதிய சீட்டு பையிலேயே இருந்தது, யாருக்கும் தெரியாது. லீச்சா மண்டியிட்டது கண்ணில் நின்று தொலைத்தது.

அதையும் வைத்தேன். "இது என்னோடது. ஞாயித்துக்கிழமைத் தண்ணி நான் எழுதிக் குடுத்தது. வேணும்னே. உங்க வீட்டம்மா மேல பழி போட்டீங்களே, அதுவும் பொய்தான்."

எஜீதியோ கண்ணாடியைக் கழற்றினார். "நீ பண்ணினதும் யோக்கியமான வேலை இல்ல, ஒந்தீனா."

"இல்லதான்."

"என் பேன்ட் நாசமாப் போச்சு."

"அதுக்கு மட்டும் வருத்தப்படறேன்."

மேஸ்திரி சீட்டுகளை மேசையில் கவிழ்த்து வைத்தார். அடுத்து யார் இறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்து தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று ஓய்ந்துதான் இருந்தது.

மார்ச் 23, சனி

ஒரு பார் அழைத்தது. பாய்லர் வேலை. இன்னொரு இடத்தில், வீட்டுக்குள்ளே வேண்டுமென்றே வெள்ளம் விடுகிற ஆள் எங்களுக்கு வேண்டாம் என்றார்களாம். நியாயம்தான். ஒன்று போதும் இப்போதைக்கு.

ஏப்ரல் 6, சனி

மூஜா, லீச்சாவின் தங்கை வீடு. இயந்திரம் வாங்கிய ரசீது லீச்சாவின் பெயரில் இருந்ததாம். இரண்டு ஆட்களை வைத்துத் தூக்கி வந்துவிட்டாள். கேன், பம்பு, குடுவை, ஒன்று விடாமல். மறுபடி பூட்டிக் கொடுத்தேன். சுண்ணாம்பு குறைந்த பாட்டில் தண்ணீர். அதிகம் பேசவில்லை. இரண்டு காபி குடித்தோம். இன்னும் கோபம் இருக்கிறது. அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 11, வியாழன்

மதியம் கடை காலியாக இருந்தது. கதவு மணி. துவீலியோ. சவரம் செய்திருக்கவில்லை. நான் இருப்பேன் என்று தெரிந்தேதான் வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு கடை இல்லை.

என் முதுகு நிமிரவில்லை. கவனித்தேன்.

"அடுப்புல வைக்கிற மோக்கா காபிப் பாத்திரத்துக்கு ரப்பர் வளையம் வேணும்" என்றார், எனக்குப் பின்னாலிருந்த அலமாரியைப் பார்த்து.

"எத்தனை கப்பு அளவு?"

சில்லறையை எடுத்து மேசைமேல் எண்ணி வைத்தார்.

"ஒண்ணு."

சரியான அளவைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பையில் போட்டுத் தரவா என்று கேட்கவில்லை.