வராத கரண்ட்டுக்கு நன்றி

வைகாசி 28, வியாழன்

ஒரே வெக்கை. ஆற்றுத் தண்ணீர் கீழ்வேளூர்ப் பக்கம் எட்டிப்பார்க்க இன்னும் நாளாகும். நாற்றங்காலுக்கு டீசல் இன்ஜின்தான். ஹேண்டில் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை போச்சு.

விவசாயச் சங்கத் தலைவர் வந்தார். புது முதல்வர் தஞ்சாவூரில் கருத்துக் கேட்கிறாராம். நெல் விலை, வரி, மின்சாரம், எதை முதலில் கவனிப்பது என்று. ஒரு பெண் பேசினால் நன்றாயிருக்குமாம். பேச வேண்டியதை எழுதிய தாளையே கொடுத்தார். முதல் வரி: இலவச மின்சாரத்துக்கு நன்றி.

மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு நான் மனுப் போட்டு ஒன்பது வருஷம். இன்னும் வரிசையில்தான். அதைச் சொன்னேன்.

"நன்றிதானே ஞானமணி, சொல்லிட்டுப் போங்க. உங்க லைனுக்கு நானே பேசுறேன்."

சபலம் தட்டியது. மறைப்பானேன்.

வைகாசி 29, வெள்ளி

வாங்க வேண்டியது: டீசல், பெல்ட், சோப்பு. டீக்கடையில் ஒருவர், விவசாயி எங்கே வரி கட்டுகிறான் என்று கேட்டார். நிலத்துக்குக் கட்டும் கிஸ்தி மட்டும்தான் வரி என்று நினைப்பு. பெல்ட் பில்லை நீட்டினேன். வரியைத் தனியாகவே போட்டிருக்கிறான்.

வைகாசி 30, சனி

தஞ்சாவூர். ஏசி மண்டபம், குளிர். ஆளுக்கு இரண்டு நிமிடம். தாளைப் பிரித்தேன். முதல் வரி வாயில் வரவே இல்லை. மடித்துவிட்டேன்.

"ஐயா, வராத கரண்ட்டுக்கு நன்றி சொல்லச் சொல்றாங்க. நான் டீசல்ல தண்ணி இறைக்கிறேன். அதுல வரி இருக்கு. கரண்ட் இல்லாதவங்கதான் இங்க வரி கட்டித் தண்ணி பாய்ச்சுறோம். வரிசைல நிக்கிறவங்களுக்கு முதல்ல லைன் குடுங்க. அதுவரைக்கும் டீசல் வரியத் திருப்பிக் குடுங்க."

முதல்வர் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே தலைவர் முகம் கொடுக்கவில்லை. என் லைன் இனி அவ்வளவுதானாம். போகட்டும். வருத்தம் துளியும் இல்லை.

வைகாசி 31, ஞாயிறு

பேப்பரில் என் படம். கீழே: இலவச மின்சாரத்துக்கு நன்றி தெரிவித்த பெண் விவசாயி. சங்கத்தின் குறிப்பு கூட்டத்துக்கு முந்தின நாளே பேப்பருக்குப் போய்விட்டதாம். ஆத்திரத்தில் கிழிக்கப் போனேன். அப்புறம் கத்தரிக்கோல் எடுத்தேன்.

ஆனி 1, திங்கள்

மழை இல்லை. காலையிலேயே கரண்ட் ஆபீஸ். கத்தரித்த படத்தை இன்ஜினியர் மேசையில் வைத்தேன்.

"நன்றி சொல்லிட்டேன்னு பேப்பர்லயே வந்துடுச்சு சார். கரண்ட் எங்க?"

படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனு நம்பர் கேட்டார். உட்காரச் சொன்னார்.

நின்றேன்.