நம் தோட்டத்து மண் தந்த மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் காலை எடுத்த இடத்தில் தையல் ஆறிவிட்டதா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

முக்கூடலிலிருந்து ஜெர்மனிக்கு நான் கொண்டுவந்த நம் வாழைத் தோட்டத்து மண்ணில் ஒரு பாக்டீரியா இருந்தது. உறங்கிக் கிடந்த அதன் மரபணுக்களை எங்கள் ஆய்வகத்தில் எழுப்பினோம். அவை நொதிகளை உண்டாக்க, நொதிகள் துண்டு துண்டாகக் கோத்து ஒரு மருந்தைச் செய்துவிட்டன. உங்கள் காலில் எந்த ஊசிக்கும் சாகாத அதே வகைக் கிருமி நேற்று இதற்குச் செத்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன். "காலுதானே போச்சுட்டி, பைய நடந்துக்கிடுதேன்" என்று போனில் சொன்னீர்களே, அதுதான் காதில் கேட்டது.

அம்மாவிடம் இட்லிப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் போட்டோவும் வேண்டும். இதுவரை வந்தவை எல்லாம் இடுப்புக்கு மேலேதான். முழுதாக எடுங்கள் அப்பா, நான் தாங்கிக்கொள்வேன்.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள்
பொன்செல்வி