‘சலீர்’ என்றால் ஏறு என்று நினைத்தாய்

அன்புள்ள அந்தோணியம்மா அக்காவுக்கு,

எழுத்துத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோது நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கொஸ்லந்தைக் கல்லறையில் உன்னை வைத்து ஐந்து மாதமான பிறகு, பத்திரிகையில் எழுதுகிறேன். ‘சொன்ன பேச்சுக் கேளாதவள்’ என்று உன்னை ஊரறியச் சொன்னார்கள். அது உண்மையில்லை என்பதையும் ஊர் அறியட்டும். உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

உனக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்கு மேலே இருந்த மாதா கோவிலுக்கு மாதம் ஒருமுறை இத்தாலிச் சாமியார் வருவார். சரிவில் மூச்சு வாங்கி நிற்பவர்களைப் பார்த்து, “சலீரே, சலீரே!” என்பார். அவருடைய பெட்டியைத் தலையில் சுமந்து முன்னால் போகும் நீ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாய்.

“சலீரேன்னா ஏறுன்னு அர்த்தம்டி. வெள்ளக்காரங்க பாஷ எனக்கு வந்துருச்சு பாத்தியா!”

வெள்ளைக்காரர் எல்லாருக்கும் பாஷை ஒன்றே என்றுதான் லயத்தில் நாம் நினைத்திருந்தோம்.

அந்த வருஷ மழையில் அப்பா நம் இருவரையும் டவுனில் இருந்த கன்னியர் மடத்துக்குக் கூட்டிப்போனார். தங்கிப் படிக்க ஒரு பிள்ளைக்கு இடம் உண்டு, மூத்தவளுக்கே அது என்று நம் கோவில் உபதேசியார் சொல்லியிருந்தார். மறுநாள் திருநாள். அதற்காக மடத்துக் கோவிலில் பீடத்தின் மூன்று படிகளிலும் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மடத்துத் தலைவி பிரெஞ்சு மதர். அவர் அப்போதுதான் கப்பலிறங்கி வந்தவர், தமிழ் வராது. செம்மண்ணும் அட்டை கடித்த ரத்தமுமாக நம் கால்களைக் கண்டு இரு கைகளையும் உயர்த்தினார்.

“சலீர்! ந பா சலீர்!”

உன் முகம் மலர்ந்தது. “ஏறச் சொல்றாங்கடி, வா” என்று என் கையை இழுத்தாய். நான் கூச்சத்தில் கீழேயே நின்றுவிட்டேன். நீ ஏறினாய். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். நீ இன்னும் வேகமாக ஏறினாய்.

உபதேசியார் ஓடிவந்து என்னிடம் குனிந்தார். “வேணாம் வேணாம்னு மதர் கத்துறாங்க, இவ பாட்டுக்கு ஏறுறா. வீட்டுலயும் இப்பிடித்தானா, பாப்பா?”

நீ ஏன் ஏறினாய் என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். பயமா? அந்த இடம் எனக்குக் கிடைக்கட்டும் என்றா? இன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் ஆட்டியதை நீ பார்த்தாயா, அக்கா?

‘சொன்ன பேச்சுக் கேளாதவள்’ என்று உன்னைத் தள்ளினார்கள். இடம் எனக்கு வந்தது. நீ அப்பாவோடு திரும்பி நடந்தாய். அடுத்த வாரம் உன் முதுகில் கொழுந்துக்கூடை ஏறியது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷ மொழி வகுப்பில் ஆசிரியர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். பழைய இலத்தீனில் அதற்குத் தாவுதல் என்று பொருளாம். அதுவே இத்தாலியர் வாயில் ஏறுதல் ஆகியது, ஸ்பானியர் வாயில் வெளியே போதல் ஆகியது. பிரெஞ்சில் அதே எழுத்துக்களுக்கு அழுக்காக்குதல் என்று பொருள். அது இந்தக் குடும்பத்துச் சொல்லே இல்லையாம், வடக்கேயிருந்து வந்த வேறு இனத்தாரிடம் பிறந்ததாம். முகம் ஒன்று, பிறப்பு வேறு. மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். என் பேனா நகரவில்லை.

மதர் ‘அழுக்காக்காதே’ என்றார். நீ ‘ஏறு’ என்று கேட்டாய். உன்னை வெளியே அனுப்பினார்கள்.

அதன் பிறகு இரண்டு தடவை, கொஸ்லந்தையில் நீ வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வந்தேன். சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன். “வாங்க, பட்டணத்து மகராசி! எங்க வீட்டுத் தேத்தண்ணி எறங்குமா?” என்று நீ சிரித்தாய். ரோசம்மாளைப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று மெல்ல ஆரம்பித்தேன். உன் சிரிப்பு நின்றது. “எம் மக கொழுந்து பறிச்சுப் பொழைப்பா. அந்த மடத்து வாசல மிதிக்க மாட்டா. செத்துப்போன அம்மா மேல சத்தியம்.” அதற்குப் பிறகு என் வாய் எப்படித் திறக்கும்?

பட்டம் வந்துவிட்டது, அக்கா. அப்பா அதைப் பதுளையில் ஒரு கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கினார். தை மாதம் அதே மடத்துப் பள்ளியில் ஆசிரியை ஆகிறேன். போன வாரம் மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தலையாட்டியதையும். இப்போது நன்றாகத் தமிழ் பேசுகிறார். பழைய பதிவேட்டை எடுத்து விரித்து, “அந்தப் பிள்ளை நான் சொன்னதைக் கேட்டுத்தானே ஏறினாள்” என்றார். உன்னைப் பற்றி அன்று அதில் எழுதிவைத்த வரியைத் தன் கையாலேயே அடித்தார்.

ரோசம்மாளுக்கு ஏழு வயது முடிகிறது. வருகிற மாதம் பெயர் பதியப் போகிறார்கள், தோட்டத்து மலை வேலைக்கு அல்லது பள்ளிக்கு. அத்தானிடம் கேட்டேன். “செத்தவ சத்தியத்த நான் எப்புடிம்மா மீறுவேன்? நீயே அவகிட்டக் கேளு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகளைப் பற்றி யார் என்னிடம் எதைக் கேட்டாலும், வாய் திறந்து உண்மையைச் சொல்வேன்.

அந்தச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்கொள், அக்கா. அவளை என்னோடு அனுப்பு.

உன் கூடப் பிறந்த,
லூர்து